கமலநாதன் கையெழுத்துப் போடாத பாரம்

"காப்பார் ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. இந்தக் கமலநாதன் கையெழுத்து எந்த உதவிப் பாரத்துலயும் விழாது. எழுதி வெச்சுக்குங்க."

தேநீர்க் கடையில் இந்தப் பிரகடனம் வெளியானபோது சபையில் இருந்தவர்கள் கடைக்காரர், நண்பர் கன்னையா, மேலே ஒரு மின்விசிறி. எவரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் கன்னையா மட்டும், "நானும் அப்படித்தான்லா" என்று ரொட்டி சானாயைப் பிய்த்தார்.

பிரகடனத்துக்குக் காரணம், கமலநாதனின் பெண் மாதவி படிக்கும் தமிழ்ப் பள்ளியிலிருந்து வந்த கடிதம். இரண்டாம் ஆண்டு மாதவியை இலவச உணவுத் திட்டத்துக்கு வகுப்பாசிரியை பரிந்துரைத்திருக்கிறார்; இப்போதிருந்தே சாப்பாடு உண்டு; வெள்ளிக்கிழமைக்குள் வருமானப் பாரத்தை நிரப்பித் தந்தை கையெழுத்திட வேண்டும்.

கமலநாதன் சொந்த லோரியில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றுகிறவர். லோரியில் பாதி வங்கிக்குச் சொந்தம் என்பது வேறு விஷயம். முகப்பில் 'கமலநாதன் அண்ட் சன்ஸ்' என்று எழுதியிருக்கும். அவருக்கு மூன்றும் பெண்கள்.

செவ்வாய்க்கிழமை அவர் பள்ளி அலுவலகத்தில் நின்றார்.

"எம்பொண்ணு பேரை வெட்டிருங்க மிஸ். நான் முதலாளி."

எழுத்து வேலை பார்க்கும் கிராணி ரோகிணி நிமிர்ந்து பார்த்தாள். "முதலாளின்னு ப்ரூஃப் வேணும் அங்கிள்."

புதன்கிழமை ப்ரூஃப் ஒரு கோப்பாக வந்து இறங்கியது. லோரிப் பத்திரம், மூன்று மாத ஆலைச் சீட்டுகள், வங்கிப் புத்தகம். போதாக்குறைக்கு, ஆலை நிர்வாகம் தீபாவளிக்குக் கொடுத்த காலண்டர். ரோகிணி காலண்டரை மரியாதையோடு ஒதுக்கி வைத்துவிட்டு, வரவைக் கூட்டினாள். லோரித் தவணை, டீசல், டயர், கூட ஏறும் ஆளின் சம்பளம் எல்லாவற்றையும் கழித்தாள். மிச்சத்தை வீட்டிலுள்ள ஐந்து பேருக்கு வகுத்தாள்.

"அங்கிள், உங்களுக்கு முழுத் தகுதி இருக்கு."

கமலநாதனைத் தகுதியுள்ளவர் என்று ஓர் அலுவலகம் ஒப்புக்கொண்டது வாழ்நாளில் அதுவே முதல் முறை. அவருக்குக் கோபம் வந்தது.

"எனக்கு வேணாம்."

"வேணாம்னா அதுக்கும் ஒரு பாரம் இருக்கு அங்கிள். இங்க சைன் பண்ணணும்."

கையெழுத்துப் போடாமல் இருப்பதற்கும் கையெழுத்துக் கேட்கும் உலகத்தை அவர் சற்று நேரம் வெறித்துப் பார்த்தார். பிறகு கோப்பை அள்ளிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை, தலைமையாசிரியரிடம் நேரடியாகவே பேசுவது என்ற முடிவோடு வந்தார். தன்மானம் பற்றிய சொற்பொழிவு இரண்டு பக்கத்தில் சட்டைப்பையில் தயாராக இருந்தது. வழியில் கேன்டீன். ஓய்வு நேரம். நீள மேசையில் தட்டுகள். தட்டுகளில் அரிசிச் சேமியா மீகூன், அவித்த முட்டை, வாழைப்பழம். பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாதவி மட்டும் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மூணு நாளா இப்படித்தாண்ணே" என்றாள் கேன்டீன் நடத்தும் பவுனம்மாள், அவர் யாரென்று தெரியாமல். "சாப்பிடும்மான்னா, 'எங்கப்பா முதலாளி, நாங்க வாங்கமாட்டோம்'னு சொல்லுது. கண்ணு மட்டும் முட்டையை விட்டு நகரமாட்டேங்குது. நீங்க எந்தப் பிள்ளையோட அப்பா?"

காலையில் மாதவி குடித்துவிட்டு வந்தது பால் இல்லாத ஒரு கிளாஸ் வரக்கோப்பி. கமலநாதன் கடையிலும் வீட்டிலும் உதிர்த்த வீரத்தை, அவருக்காக வெறும் வயிற்றோடு அவள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்துக்குப் போனார்.

"பேனா குடுங்க மிஸ்."

"எந்தப் பாரம் அங்கிள்?"

அவரே இழுத்து எடுத்தார். வருமானப் பாரம். கட்டத்துக்கு வெளியே வழியும்படி, லோரி முகப்பில் எழுதுவதுபோல் பெரிதாகப் போட்டார். கேன்டீனுக்குத் திரும்பி வந்து மாதவியின் பக்கத்தில் குனிந்தார்.

"அப்பா சைன் போட்டுட்டேன். சாப்பிடு."

"அப்போ நீங்க முதலாளி இல்லையாப்பா?"

"முதலாளிதான். முதலாளி சொல்றேன், சாப்பிடு."

மாதவி முட்டையை முதலில் எடுத்தாள். அவள் முழுசாகத் தின்று முடிக்கும்வரை நின்றிருந்த கமலநாதன், மறுபடி அலுவலகச் சன்னலுக்குப் போனார்.

"இன்னொரு பாரம் குடுங்க."

"ஏன் அங்கிள், தப்பா எழுதிட்டீங்களா?"

"இல்ல. கன்னையாவுக்கு. அவன் பிள்ளைங்களும் இங்கதான் படிக்குது. அவன் வந்து கேக்கமாட்டான்."

சட்டைப்பையில் இடம் போதவில்லை. சொற்பொழிவை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, பாரத்தை நான்காக மடித்து உள்ளே வைத்தார்.