பருந்துக்குக் கறி வைத்தேன்

துவாரகாவில் எங்கள் ஃப்ளாட் கடைசி மாடி. பருந்தைக் கிட்டத்தில் படமெடுக்கும் ஆசையில், தினமும் காலையில் மொட்டைமாடிச் சுவரில் கோழித் துண்டுகளை வைத்தேன். படங்கள் நன்றாகவே வந்தன. பருந்துகளும் மனித பயம் விட்டுப்போய், கையில் இருப்பதைப் பறிக்க ஆரம்பித்தன.

ஒருநாள் ஈரத்துணியோடு வந்த என் மனைவியின் முகத்தில் ஒரு பருந்து பாய்ந்தது. நகம் புருவத்தைக் கிழித்து, ரத்தம் கண்ணை மூடியது. நான் டிரைபாடால் ஓங்கி அடித்தேன். இறக்கை ஒடிந்து விழுந்ததை மறுபடியும் அடிக்கப் போனேன்.

“அதை எதுக்கு அடிக்கறீங்க? கறி வெச்சுக் கூப்பிட்டது நீங்கதானே” என்றாள்.

ஏழு தையல் போட்டார்கள். கண் தப்பியது, பருந்து செத்தது. இரை வைத்துப் படமெடுக்கும் முட்டாள்தனத்தை நான் விட்டுவிட்டேன், நீங்களும் விடுங்கள். மற்றப் பருந்துகள் இன்னும் பாய்கின்றன. அதனால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நான்தான் துணி காயப்போடுகிறேன்.