வாள்முனையில் பேனா ஸ்பிரிங்

திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த என் அப்பாவுக்கு, உலகத்தில் சேராத பாகம் என்று ஒன்று கிடையாது. ஒரு கம்பெனி மிக்ஸிக்கு இன்னொரு கம்பெனியின் கப்ளிங்கைப் போடுவார். மாட்டாவிட்டால் அரத்தால் கொஞ்சம் ராவுவார், அப்புறம் மாட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டு ஃபேனின் மூன்று றெக்கைகளும் மூன்று ஃபேன்களிலிருந்து வந்தவை. சுற்றும்போது அது லேசாகத் தலையாட்டும், ஆனால் காற்றில் குறை வைக்காது. "எல்லாம் ஒண்ணுதான், பேருதான் வேற" என்பது கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவர் இலவசமாகக் கொடுத்த உபதேசம்.

நான் ஏழாவது படித்தபோது, பள்ளிக்குப் புதிதாக வந்த பி.டி. மாஸ்டர் எங்களுக்கு வாள்சண்டை சொல்லிக்கொடுத்தார். சினிமா வாள் இல்லை, மின்சார வாள். நுனியில் பட்டன் போல ஒரு குட்டி முனை இருக்கும். அது எதிராளியின் மேல் குத்தி அழுந்தினால், சட்டைக்குள் ஓடும் ஒயர் வழியாகச் சேதி போய் மேஜைமேல் இருக்கும் பெட்டியில் விளக்கு எரியும். யார் விளக்கு முதலில் எரிகிறதோ அவருக்குப் புள்ளி. நான் ஆர்வமாக இருந்ததைப் பார்த்து, அப்பா சென்னையிலிருந்து பழைய வாள் ஒன்றை வாங்கி வந்தார்.

விழுப்புரத்தில் நடக்கவிருந்த மாவட்டத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்த வாளின் முனை கழன்றது. முனையைப் பிடித்திருந்த கடுகளவு திருகாணி ஒன்றும், உள்ளே இருந்த ஸ்பிரிங்கும் எங்கேயோ உருண்டுபோயின. அந்தத் தேர்வில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். வாள் இல்லாமல் போனால் வேடிக்கை பார்க்கலாம்.

மாஸ்டர் ஒரு தாளில் கம்பெனியின் பெயரை எழுதிக் கொடுத்தார். "இந்தக் கம்பெனி முனைக்கு இவங்க ஸ்பிரிங், இவங்க ஸ்க்ரூதான் சேரும். சென்னைல கிடைக்கும், அப்பாகிட்ட சொல்லு" என்றார். அப்பா தாளைப் படித்துவிட்டுச் சிரித்தார். நேராக மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய், பிரேமில் போடும் திருகாணி ஒன்றை வாங்கிவந்து ராவினார். பிறகு என் பேனாவைக் கழற்றி, அதிலிருந்த ஸ்பிரிங்கை அளந்து வெட்டி முனைக்குள் போட்டார். டெஸ்ட் லாம்ப்பில் ஒயரை இணைத்து, முனையை விரலால் தொட்டார். விளக்கு எரிந்தது.

"பாத்தியா பாப்பா? முன்னாடி குத்தனாத்தான் எரிஞ்சுது. இப்ப தொட்டாவே எரியுது."

கரண்ட் வேலை செய்கிறவருக்குச் சட்டென்று எரியும் விளக்கைவிட நல்ல சாட்சி வேறு என்ன வேண்டும்? ஆனாலும் வாளை உறைக்குள் வைக்கும்போது ஒரு நிமிடம் தயங்கினார். "விளையாட்டு சாமானாச்சே, எதுனா ரூலு கீலு இருக்கும். நாளைக்கு மாஸ்டராண்ட காட்டி, போடலாமான்னு கேட்டுக்கினு வா" என்றார்.

ரூல் இருந்தது. அது எனக்குத் தெரியும் என்பதுதான் இந்தக் கதையின் வெட்கக்கேடு. முனையின் மேல் முக்கால் கிலோ எடையை வைத்துப் பார்ப்பார்கள், ஸ்பிரிங் அதைத் தாங்கி மேலே தள்ள வேண்டும், விளக்கு எரியக் கூடாது என்று மாஸ்டர் முதல் மாதமே சொல்லியிருந்தார். சும்மா உரசினாலே எரிகிற வாள் ஏமாற்று வாள்.

மறுநாள் வாளை மாஸ்டரிடம் காட்டத்தான் எடுத்துக்கொண்டு போனேன். அவர் தலைமை ஆசிரியர் அறையில் இருந்தார். அதற்குள் ஒரு ஆட்டம் ஆடலாம் என்று ஆடினேன். என்னை எப்போதும் தோற்கடிக்கும் பத்தாம் வகுப்பு அக்காவை அன்று ஐந்துக்கு ஒன்று என்று அடித்தேன். அவளுடைய தோளை என் வாள் முத்தமிட்டால்கூட விளக்கு எரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லோரும் கை தட்டினார்கள். மாஸ்டர் வந்தபோது வாள் உறைக்குள் இருந்தது.

சாயங்காலம் அப்பா கேட்டார். "இன்னா சொன்னாரு?"

"கேட்டேம்பா. போடலாம்னுட்டாரு."

விழுப்புரம் அரங்கில் அன்று ஏகப்பட்ட கூட்டம். அப்பா கடையை மூடிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையுடன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் பெயரைக் கூப்பிட்டார்கள். நடுவர் என் வாளை நிமிர்த்திப் பிடித்து, பளபளவென்ற ஒரு உருளை எடையை அதன் முனையில் மெதுவாக வைத்தார். வைத்த கையை அவர் எடுப்பதற்குள் விளக்கு எரிந்துவிட்டது. மறுபடி வைத்தார். மறுபடி எரிந்தது.

ரிப்பேர் மேஜையில் இருந்தவர் வந்து முனையைக் கழற்றினார். இடுக்கியால் உள்ளே இருந்ததை எடுத்து எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். "சார், பேனா ஸ்பிரிங்கு. ஸ்க்ரூ கண்ணாடிக்குப் போடறது." சிலர் சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை.

"தெரியாம மாட்டியிருந்தா ஒரு எச்சரிக்கை, பார்ட்டை மாத்திக்கிட்டு ஆடலாம். தெரிஞ்சே செஞ்சிருந்தா இந்தப் பொண்ணு இன்னைக்கு ஆட முடியாது, மாநிலப் போட்டியும் கிடையாது" என்றவர், என் பக்கம் திரும்பினார். "யாரும்மா போட்டது? உனக்குத் தெரியுமா?"

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன். வாயைத் திறந்தால் அழுகை வரும், அதோடு உண்மையும் வரும்.

"நான்தாங்க போட்டேன்." அப்பா தடுப்பைத் தாண்டி வந்துவிட்டிருந்தார்.

"யாரையாவது கேட்டுப் போட்டீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். கண் இமைக்கும் நேரம்தான். சொல்லப்போகிறார், மாஸ்டரும் இங்கேயே நிற்கிறார், இனி எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"இல்லீங்க. யாரையும் கேக்கல. எல்லாம் ஒண்ணுதான்னு நானா போட்டுட்டேன். பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"தாள்ல எழுதியே அனுப்பினேனே" என்றார் மாஸ்டர், வலியோடு.

"தப்புதாங்க."

"தெரியாத வேலைல எதுக்கய்யா கை வைக்கிறீங்க?" என்று நடுவர் அத்தனை பேர் முன்னால் கேட்டார். தெரியாத வேலை! திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு சுற்று வட்டாரத்தில் என் அப்பாவிடம் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது. அவரோ கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார். வெளியே போய் நிற்கச் சொன்னார்கள், போனார். நான் அதிர்ந்துபோய் அந்த இஸ்திரிச் சட்டையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழக்கூட வரவில்லை.

ரிப்பேர்காரர் தன் டப்பாவிலிருந்து இரண்டு ஸ்பிரிங்குகளைப் போட்டுப் பார்த்தார், சேரவில்லை. மூன்றாவது எங்கள் வாளின் கம்பெனியுடையது, பொருந்தியது. அதே கம்பெனியின் ஸ்க்ரூவையும் மாட்டினார். முக்கால் கிலோவையும் புது ஸ்பிரிங் தாங்கியது. இப்போது குத்தினால்தான் விளக்கு எரிந்தது. இரண்டு ஆட்டங்களில் தோற்று, மிச்சத்தில் எப்படியோ ஜெயித்து, நான்காவது இடத்தில் தொற்றிக்கொண்டேன்.

திரும்பும் பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றபோது அப்பா வறுத்த வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, வாங்கிக் கொடுத்தார். எந்த ஆட்டத்தில் எத்தனை புள்ளி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். மாஸ்டரைக் கேட்டாயா என்று மட்டும் கேட்கவில்லை. அந்தப் பதட்டத்தில் அப்பா அதை மறந்தே போய்விட்டார் என்று நினைத்தேன். அப்பாடா என்றிருந்தது. மல்லாட்டையை ஒன்று விடாமல் தின்று தீர்த்தேன்.

அடுத்த வாரம் வாளின் ஒயர் அறுந்தது. எந்த ஒயர் போடலாம் என்று மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன். "நீ இரு பாப்பா, நானே போய்க் கேட்டுக்கறேன்" என்று அப்பா ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மாஸ்டர் எதிரில் நின்று ஒவ்வொரு கம்பெனியின் பெயரையும் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு வாளுக்கு எந்தப் பாகம் வேண்டுமென்றாலும், கடையை மூடிவிட்டு அவரே வந்தார். அதற்கு முன்பெல்லாம் நான் வந்து சொன்னாலே அவருக்குப் போதும்.

அப்பாவுக்கும் வாள்சண்டையில் ஆசை வந்துவிட்டது, அதனால்தான் வேலையைப் போட்டுவிட்டு வருகிறார் என்று வகுப்பு முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.