பக்கத்து வீட்டுத் தண்ணீர்

கொலை, திருட்டு வழக்குகளைப் பத்திரிகைக்கு எழுதிப் பிழைத்த நான் யாரையும் லேசில் நம்பமாட்டேன். ஆனால் பிரெஞ்சுக்காரன் ஆண்ட புதுச்சேரியில், ஏம்பலத்துக் கரும்புப் பண்ணைக்காரர் சொன்னதை ஏறக்குறைய நம்பிவிட்டேன்.

"எங்க பண்ணையாள் மாரி நகையத் தூக்கிக்கினு இங்கிலீஷ்காரன் எல்லைக்கு ஓடிட்டான். அப்பிடியே எழுதிக்குங்க."

எல்லை கூப்பிடு தூரம். தாண்டிவிட்டால் பிரெஞ்சுப் போலீசால் தொட முடியாது.

தாகமாக இருக்கிறது என்றேன். கொல்லையிலேயே கிணறு இருந்தது. அவர் மனைவியோ குடத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"இந்தக் கிணத்துக்கு இன்னா?"

"உப்புக் கரிக்குதுங்க," என்றார் அவசரமாக.

திரும்பி வந்தவள் சொம்பை நீட்டினாள். புருஷனைப் பார்க்கவேயில்லை. "மாரி ஓடுன அன்னிக்கு வரைக்கும் எங்க கிணத்துத் தண்ணியத்தான் குடிச்சோம்," என்றாள்.

சாவு விழுந்த கிணற்றை இறைக்காமல் எங்கள் பக்கம் யாரும் அந்தத் தண்ணீரை வாயில் வைக்கமாட்டார்கள். நேரே போலீசுக்குப் போனேன். கிணற்றில் இறங்கியவர்கள் மாரியின் பிணத்தைத்தான் மேலே எடுத்தார்கள்.

பண்ணைக்காரர் ஜெயிலுக்குப் போனார். அவர் மனைவியும் தம்பிகளும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். எனக்கு எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் நான் எழுதவே இல்லை. எழுதியிருந்தால், அவளும் எல்லை தாண்டி ஓடிவிட்டாள் என்று அந்தத் தம்பிகள் எனக்குச் சொல்லியிருப்பார்கள்.