கிளினிக்குக்கு முந்திய மூன்று நாள்

துணி துவைக்கும்போதுதான் எனக்கு முதலில் தெரிந்தது. என் கணவரின் சாறனில் (லுங்கியில்), முன்பக்கம், தயிர் காய்ந்தது போல வெள்ளைத் திட்டு. அடுத்த நாளும் இருந்தது. மூன்றாம் நாள் அவர் சாறனைத் தானே துவைத்துக் கொடியில் போட்டார். கல்யாணம் முடித்த நாற்பத்தாறு வருடத்தில் அவர் துணி துவைத்து நான் கண்டதில்லை.

அவர் பனிச்சங்கேணி வாவியில் இறாலுக்கு வலை வீசுகிறவர். இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டு ஈரச் சாறனோடு வீட்டுக்கு வருவார். ஆறு வருடமாகச் சீனி வருத்தமும் (நீரிழிவு) உண்டு, அதற்குக் கிளினிக்கில் குளிசை (மாத்திரை) எடுக்கிறவர். சலம் (சிறுநீர்) போகும்போது எரிகிறது என்று ஒருநாள் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு சொன்னார். வெயிலில் நிற்கிறவர், சூடு பிடித்துவிட்டது என்று நினைத்தேன். தேசிக்காய் (எலுமிச்சை) பிழிந்து, சீனி போட்டு, பெரிய கிளாஸில் இரண்டு தரம் கரைத்துக் கொடுத்தேன். குடித்தால் கொஞ்சம் ஆறும். பிறகு திரும்ப வரும்.

அந்த இடத்துத் தோல் சிவந்து வெடித்தது. கிருமி சாகட்டும் என்று காயம் கழுவும் மருந்தால் கழுவினார். அது இன்னும் எரித்தது. என் மனதிலும் ஒரு கெட்ட யோசனை. வெளியில் தொடுப்பு வைத்த ஆண்களுக்கு வருகிற வருத்தமோ இது? கேட்கவில்லை. பாயைத் தள்ளிப் போட்டுப் படுத்தேன். ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

கடைசியில் கிளினிக் டொக்டரிடம் சொன்னார். பூஞ்சணத் தொற்று என்று பூசும் மருந்து கொடுத்தார்கள். பத்து நாளில் சுகம். அடுத்த மாதம் மறுபடியும் வந்தது. இப்படி நாலு முறை. பிறகு ஆணுறுப்பின் முன்தோல் இறுகி, பின்னால் இழுக்க முடியாமல் போயிற்று (முன்தோல் இறுக்கம் என்கிறார்கள்). சலம் நூல் போல வந்தது. அந்தத் தோலை வெட்டி எடுக்க வேண்டும் என்று கிளினிக் கொப்பியில் எழுதினார்கள்.

வரும் வழியில் அவர் சொன்னார்: “இந்த வயசில வெட்டுறதோ? இனி நான் அந்தப் பக்கம் வரமாட்டன்.”

“அப்ப சீனிக் குளிசை?”

“அதுவும் வேணா.”

அவருடைய அண்ணனும் இப்படித்தான் ஆஸ்பத்திரியை விட்டார். சீனியால் ஒரு காலை எடுத்தார்கள், பிறகு ஆளே இல்லை.

கெஞ்சிக் கூத்தாடி இன்னும் ஒரேயொரு முறை கூட்டிக்கொண்டு போனேன். அன்று புதிதாக ஒரு பெண் டொக்டர். கொப்பியை முன்னும் பின்னும் புரட்டினார்.

“அப்பா, உங்கட சீனி எல்லா முறையும் நல்லாத்தான் இரிக்கு. அப்ப ஏன் இது திரும்பத் திரும்ப வருது?”

அவர் மேலே காற்றாடியைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். காரணம் எங்கள் இருவருக்கும் தெரியும். கிளினிக்குக்கு மூன்று நாள் இருக்கும்போது குரக்கன் (கேழ்வரகு) பிட்டும் கீரையும் சமைக்கத் தொடங்குவேன். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. இரத்தம் குத்தினால் நல்ல இலக்கம் வரும், தாதி மெச்சுவார். திரும்பும் வழியில் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்குவோம். பின்னேரம் சீனி அள்ளிப் போட்டுச் சாப்பிடுவார். எங்கள் ஊரில் பலரும் இப்படித்தான்.

என் வாய் எப்படித் திறந்ததோ தெரியாது. “மகள், அந்த இலக்கத்த நம்பாதீங்க. நாங்க மூண்டு நாள் மட்டுந்தான் ஒழுங்காச் சாப்பிடுற.”

“இவ என்னக் காட்டிக் குடுக்கிறா டொக்டர்.”

“உங்கள மட்டுமில்ல அப்பா. வெளிய வரிசையில இரிக்கிற பாதிப் பேரையும் சேத்துத்தான் காட்டிக் குடுத்துட்டா.”

மூன்று மாதச் சீனி பார்த்தார்கள் (கடந்த மூன்று மாதமும் இரத்தத்தில் சீனி எப்படி இருந்தது என்று காட்டும் சோதனை, மூன்று நாள் பத்தியத்துக்கு அது ஏமாறாது). நன்றாக ஏறியிருந்தது. மிஞ்சிய சீனி சலத்தோடு போகும், ஈரத்தோலில் தங்கும், பூஞ்சணம் அதைத் தின்று வளரும் என்று எனக்கு விளங்கும்படி சொன்னார்.

“எரிஞ்சா என்னம்மா குடுப்பீங்க?”

“தேசிக்காய்த் தண்ணி.”

“சீனி?”

“மூண்டு கரண்டி.”

பேனையைக் கீழே வைத்தார். “நீங்கதான் அதுக்குச் சோறு போட்டு வளத்திரிக்கீங்க.”

என் கணவர் வெளியே போனபின் டொக்டரிடம் மெல்லக் கேட்டேன், இது வேறு பெண்ணிடமிருந்து வந்ததோ என்று. இல்லை, சீனிதான் காரணம் என்றார். எனக்கும் கடி (அரிப்பு) இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. நெடுநாளாக ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கும் மருந்து தந்தார். அன்றே பாயைப் பழைய இடத்தில் போட்டேன்.

“மூண்டு மாதம் தாறன். சீனி இறங்கினாத் தோல் இளகலாம். இல்லாட்டி வெட்டத்தான் வேணும்” என்றார்.

குளிசையை மாற்றினார்கள். பூசும் மருந்தைச் சொன்ன நாள் முடியும்வரை என் கணவர் பூசினார். சும்மா தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்தார். தோணியில் மாற்றிக்கொள்ள ஒரு காய்ந்த சாறன் கட்டிக் கொடுத்தேன். தயிர் சீனியில்லாமல்தான்.

“மாட்டுக்குப் போடுற மாதிரி நெடுகக் கீரையப் போடுறாய்கா.”

“மாடு சலம் போறதப் பாத்திரிக்கீங்களா? அதுக்கு ஒரு தடங்கலும் இல்ல.”

சிரித்துவிட்டுச் சாப்பிட்டார்.

மூன்று மாதம் முடிந்து சோதித்தபோது சீனி இறங்கியிருந்தது. தோல் இளகி, இழுத்தால் வந்தது. டொக்டர் கொப்பியில் வெட்ட வேண்டும் என்று எழுதிய பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். எங்கள் பிள்ளைகள் பரீட்சையில் பாஸானபோதும் நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

என்னைப் போல வெட்கப்பட்டு இருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். டொக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். உங்களுக்கும் கடி இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்று நாளில் உடம்பு மாறாது, மூன்று மாதத்தில் மாறும். அதை நான் அறிய எழுபது வயதாயிற்று.

போன கிழமை முற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரியோடு நின்றேன். குளியலறைக்குள்ளிருந்து ஊர் கேட்க ஒரு குரல்:

“புள்ள, ஆறு மாதிரிப் போகுதுகா!”

முந்தி என்றால் வீட்டுக்குள் ஓடியிருப்பேன்.

“ஓம், கேக்குது. துடைச்சிட்டு வாங்க” என்றேன்.