அண்ணனும் நானும் ஒரே அணியில்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் மலேசியாவின் செனாவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பூதக்கண்ணாடிக்கு அடியில் வந்துகொண்டே இருக்கும் சின்னச் சின்னச் சில்லுகளைப் பார்த்து, கீறல் விழுந்ததை ஒதுக்கிவைப்பதுதான் வேலை. காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் மூன்று மணிக்கு எழுந்திருப்பேன். இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். அதில் அண்ணனும் நானும் ஒன்றரை வருடமாகப் பேசவில்லை.

காரணம் தோட்டம். செண்டாயான் பக்கம் நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தை வீடு கட்டுவதற்காக விற்றுவிட்டார்கள். எல்லோரும் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்யும்படி கடிதம் வந்தது. மாற்று வீடு கொடுக்காமல் நகரமாட்டோம் என்று சிலர் உட்கார்ந்தார்கள். தோட்டத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன்தான் அவர்களில் முன்னால் நின்றவர். கொஞ்ச நாளில் தண்ணீர் நின்றது, பிறகு மின்சாரம் நின்றது. அப்பாவுக்கு மூச்சிரைப்பு. இருட்டில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. அண்ணன் கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு மதியம், காலி செய்கிறோம் என்ற தாளில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கித் தோட்டத்து ஆபீசில் கொடுத்துவிட்டேன். செனாவாங்கில் வாடகைக்கு ஒரு வீடும் பார்த்துவைத்திருந்தேன்.

சாமான் ஏற்றிய அன்று அண்ணன் லயத்து வாசலில் நின்றார்.

“மண்டோர் வீடே எறங்கிப் போச்சுன்னா அப்புறம் எவன் நிப்பான்? நல்லா காட்டிக் கொடுத்துட்ட.”

அப்பாதான் அந்தத் தோட்டத்தின் மண்டோர். வேலையாட்களை மேய்த்தவரே போனதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். ஏழு குடும்பங்கள் மட்டும் கடைசிவரை இருந்தன. அவர்களுக்கு வீடு கிடைத்தது. அண்ணனும் அவர்களோடு கடைசி நாள்வரை இருந்தார். ஆனால் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டதால் எங்கள் குடும்பம் பட்டியலில் இல்லை. லயத்தை இடித்த மறுநாள் அண்ணன் ஒரு பையோடு வாடகை வீட்டுக்கு வந்தார். டயர் தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அம்மாவிடம் சொன்னார். நானும் அப்படியே.

இந்த நிலையில்தான் பக்கத்து மேசைச் சீனப் பெண் ஒருநாள் வேலை முடிந்ததும் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மோட்டார் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே, குறுகலான படி ஏறினால், பத்துக் கணினி வைத்த ஒரு சைபர் கஃபே. ஏசி குளிர் எலும்பில் ஏறியது. வரிசையாக உட்கார்ந்தவர்கள் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் பார்க்காமலேயே கத்திக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேர் ஓர் அணி. ஓர் அணி வெடிகுண்டு வைக்க வரும், மற்றது தடுக்க வேண்டும். சுடப்பட்டவர் அந்தச் சுற்று முடியும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆனால் திரை அணைந்துவிடாது. உயிரோடு இருக்கும் கூட்டாளியின் கண் வழியாக ஆட்டத்தைப் பார்க்கலாம்.

முதல் நாள் நான் சுவரைப் பார்த்து நின்றபடியே செத்தேன். அடுத்த சுற்றிலும் அதே சுவர். ஏசி பழுதுபார்க்கும் மலாய்க்காரர் ஒருவர் எங்கள் அணியில் இருந்தார். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஒரு சுரங்கப்பாதையின் வாயைக் காட்டி, “இங்கே நில்லுங்க காக், யாராவது வந்தா சுடுங்க, போதும்” என்றார். காக் என்றால் அக்கா.

அங்கே நிற்பது மற்றவர்களுக்கு வேப்பங்காய். ஓடவும் சுடவும் கை துடிக்கும். எனக்கு அப்படியில்லை. ஐந்து வருடம் ஒரே இடத்தைப் பார்த்துப் பழகிய கண். இருட்டான அந்த வாயை இமைக்காமல் பார்த்தேன். காலடிச் சத்தம் கேட்டதும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அடுத்தடுத்து இரண்டு பேரை வீழ்த்தினேன். “காக் அங்க இருக்காங்க, இனி பெலாக்காங் பயமில்லை” என்றார் ஏசிக்காரர். பெலாக்காங் என்றால் பின்பக்கம். என்னை நம்பி நான்கு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் போனார்கள். அந்த உணர்வுக்காகத்தான் நான் திரும்பத் திரும்ப அந்தப் படியேறினேன். சுடுவதில் எனக்குப் பெரிய ஆசை இருந்ததில்லை. வீட்டில் ஓவர்டைம் என்று பொய் சொன்னேன். கண் எரிந்தது, கழுத்து வலித்தது. ஆனாலும் போனேன்.

ஒரு சனிக்கிழமை நீலாயிலிருந்து கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் எங்களோடு மோத வந்திருந்தார்கள். எங்கள் அணியில் ஒருவர் வரவில்லை. “காலையில வந்து விளையாடுற இந்தியர் ஒருத்தர் இருக்கார், நல்ல ஆட்டக்காரர், சொல்லியனுப்பியிருக்கேன்” என்றார் ஏசிக்காரர்.

படியேறி வந்தவர் என் அண்ணன்.

இரவு வேலை முடிந்து அவர் எங்கே போகிறார் என்று அம்மா பல நாள் புலம்பியது அப்போதுதான் புரிந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கை கதவுப்பிடியிலேயே நின்றுவிட்டது. திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். ஏசிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, “சீக்கிரம் லா, ஆள் பத்தலை!” என்றார். அண்ணன் உட்கார்ந்தார்.

அன்று தோற்றோம். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் அவர் வந்தார், அதற்கடுத்த சனிக்கிழமையும். அணியில் எல்லோருக்கும் பொதுவான மொழி மலாய். அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. தமிழில் கூப்பிட்டால் அண்ணே என்று சொல்ல வேண்டும். அவர் நீ என்று சொல்ல வேண்டும். மலாயில் இடது, வலது, இருவர் வருகிறார்கள் என்று மட்டும் சொன்னால் போதும். வீட்டுக்குப் போனால் பழையபடி அம்மா வழியாகத்தான்.

ஒரு சுற்றில் நான் சீக்கிரமே செத்துவிட்டேன். என் திரை அண்ணனின் கண் வழியாகக் காட்டியது. அவர் நன்றாக ஆடினார், ஆனால் ஒரு பழக்கம் இருந்தது. நாலடி போவார், சட்டென்று திரும்பிப் பார்ப்பார். மறுபடி நாலடி, மறுபடி திரும்புவார். எதிரி முன்னால்தான் இருந்தான். இவரோ கூட யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்படித் திரும்பியபோதுதான் சுடப்பட்டார்.

ஹெட்ஃபோனைக் கழற்றாமலேயே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சுற்றில் எங்கள் பக்கம் நான் ஒருத்திதான் மிச்சம். எதிர்ப்பக்கம் ஒருவன். கடை முழுக்க அமைதி. என் கண் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், ஹெட்ஃபோனில் பின்னாலிருந்து காலடிச் சத்தம் கேட்டதும், திடீரென்று எழுந்து நின்று தமிழில் கத்தினார்.

“பாப்பா, பின்னாடி! பின்னாடி பாரு!”

சின்ன வயதிலிருந்து வீட்டில் என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். நான் திரும்பவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டு விரல் அப்படியே நின்றுவிட்டது. செத்துப்போனேன். ஏசிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அவர் சொன்னாரே, காக்!”

கீழே இறங்கியதும் எதிரே இருந்த கடையில் அண்ணன் இரண்டு தே தாரே சொன்னார். ஆற்றிக் கொடுத்த அந்த டீயில் நுரை அடங்கியது.

“மன்னிச்சிருண்ணே” என்றேன்.

“ஆட்டம்தானே, விடு.”

“ஆட்டத்துக்கு இல்ல.”

அவர் கிளாசைச் சுற்றிக்கொண்டே இருந்தார். “அப்பாவுக்கு மூச்சு வாங்குனத நானும்தான் பாத்தேன். நீ கூட்டிட்டுப் போனது தப்புன்னு சொல்லல. ஏங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம கையெழுத்து வாங்குன பாரு. கூட்டத்துல எழுந்து பேசுறேன், ஒருத்தன் வந்து ஒங்க வீட்டுத் தாள் ஆபீஸ்ல இருக்குங்கறான்.”

“சொல்லியிருந்தா விட்டிருப்பியா?”

“விட்டிருக்க மாட்டேன்.”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகைதான் வந்தது.

அவர் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் நான் ஏன் திரும்பவில்லை என்று அவர் கேட்க, எவனோ வருவதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்க, சண்டையே வந்துவிட்டது. அம்மா கரண்டியோடு நின்றார்.

“யாரு யாரச் சுட்டா? ரெண்டு பேரும் எங்கடா போயிட்டு வர்றீங்க?”

உள்ளே படுத்திருந்த அப்பா, “விடு, பேசிக்கட்டும்” என்றார்.

எங்களுக்கு அந்த மாற்று வீடு கடைசிவரை கிடைக்கவில்லை. பட்டியலில் பேர் சேர்க்கச் சொல்லி அண்ணனும் நானும் சேர்ந்தே நாலைந்து தடவை போய்வந்தோம். ஆபீசில் பேச வேண்டியதை நான் பேசினேன். அவர் வெளியே மோட்டாரில் சாய்ந்து நின்றார். வரும் வழியில் செனாவாங் பசாரில் அம்மாவுக்கு மீன் வாங்கிக்கொண்டோம்.