வளைந்த குழாயும் ஆமணக்குத் தண்டும்

துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத நான், வேட்டைக்கென்று பெங்களூரில் ஒரு தொலைநோக்கி வாங்கினேன். கண் வைக்கும் முனை மேல்நோக்கி வளைந்த ரகம். நேர்க்குழாயைவிட விலை கூட. ஆகவே உசத்தி என்று தீர்மானித்தேன். நண்பர் ரங்கசாமி வாங்கியது நேர்க்குழாய். அவரிடம் லைசென்சும் உண்டு, இரட்டைக்குழல் துப்பாக்கியும் உண்டு. எது சிறந்தது என்று ஆறு மாதம் சண்டை போட்டுவிட்டு, 1968 ஐப்பசியில் தீர்ப்புக்காகப் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் புறப்பட்டோம்.

தருமபுரியில் பகல் இரண்டு மணிக்கு பஸ். டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். இறங்கி மூன்று மைல் நடந்தால், சித்தேரி மலையடியில் ரங்கசாமிக்குத் தெரிந்த சவுரிமுத்துவின் கடலைக்காடு. ஒன்றரை ஏக்கர். கால்வாசியைக் காட்டுப்பன்றிகள் ஏற்கெனவே உழுது முடித்திருந்தன.

“காய் முத்த இன்னும் மூணு நாளு வேணுமுங்க. அதுக்குள்ள இன்னொருக்கா எறங்குச்சுன்னா வெதைக்குக்கூட மிஞ்சாதுங்க” என்றார் சவுரிமுத்து. பன்றிகள் பகலில் படுக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை.

மறுநாள் காலை ஆறு மணி. மலை தலைக்கு மேல் நின்றது. ரங்கசாமி நேர்க்குழாயை உயர்த்தி வைத்து, அதற்கடியில் தம்மை மடித்துக்கொண்டார். ஆறரைக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. நான் சுகமாகக் குனிந்து பார்த்தேன். வானம் தெரிந்தது. பிறகு ஒரு பாறை. பிறகு மறுபடியும் வானம். குனிந்த கண்ணுக்குக் குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றே தெரியவில்லை.

“பன்னி மேல இருக்குதுங்க சார். நீங்க மண்ணப் பாத்துக் கும்புட்டுக்கிட்டிருக்கீங்க?”

“கும்பிடலைய்யா, தேடறேன்!”

சவுரிமுத்து வரப்பிலிருந்த ஆமணக்கில் ஓர் இலைத்தண்டை ஒடித்தார். உள்ளே பொள்ளலாக, புல்லாங்குழல்போல இருந்தது. அதை என் குழாயின் முதுகில் நீளவாக்கில் வைத்து நாரால் கட்டினார். தண்டு வழியே பாறை பாறையாகக் குறிவைத்து, ஒவ்வொரு முறையும் “இப்பக் குனிங்க” என்றார்.

நாலாவது பாறையில் பதினோரு கறுப்பு முதுகுகள். ஒரு காது ஈ விரட்டிக்கொண்டிருந்தது.

ரங்கசாமி ஓடை வழியே மேலே ஏறினார். ஏழே முக்காலுக்கு ஒரு வெடி. கழுத்து திரும்ப மறுத்ததால் குண்டு பாறைக்குப் போயிற்று. ஆனால் மந்தை முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடியது. மூன்று நாளும் திரும்பவில்லை. மிச்சக் கடலை முழுக்க வீடு சேர்ந்தது.

எங்கள் சண்டைதான் தீரவில்லை. வாங்கிய கடையின் மேசையில் இரண்டு குழாயும் அழகாகத்தான் இருந்தன. மேசைக்கு மேல் மலை கிடையாதே. பஸ் ஏறுமுன் சவுரிமுத்துவையே கேட்டேன்: “நேரா, வளைஞ்சதா? எது தேவலை?”

வறுத்த கடலைப் பொட்டலத்தை என் கையில் திணித்தார். “அடுத்த வருசம் நீங்க ரெண்டு பேரும் செரமப்படாதீங்க சார். தண்டு வரப்புலயே இருக்குது. சத்தத்துக்கு, மாதா கோயில் தேருக்கு வாங்கற வேட்டுல ரெண்ட எடுத்து வெச்சாப் போதுமுங்க.”