பட்டு வேட்டியும் ஒரு குதிரையும்

பட்டு வேட்டியோடு குதிரையில் ஏற முடியுமா? அண்மையில் எனக்கு வந்த சந்தேகம் இது. என்ன, கொஞ்சம் பிந்தி வந்துவிட்டது...

ஜெயந்தனுக்கு இங்கே இத்தாலியில், பலெர்மோவில், வியா மக்வேதா தெருவில் ரெஸ்டாரண்ட் ஒன்றில் வேலை. அவனுக்கு நிச்சயித்த தாரணி யாழ்ப்பாணத்தில். பழக்கமெல்லாம் போனில்தான். ஒருநாள் கதையோடு கதையாக, "மண்டபத்துக்குக் குதிரையிலை வாறன்" என்று சொல்லிவிட்டான். அவள் சிரித்தாளாம். போதாதா?

"சொல்லிப்போட்டன் அண்ணை. செய்யாட்டில் முதல் நாளே என்ரை சொல்லுக்கு மதிப்பில்லை" என்று என்னையும் இழுத்துக்கொண்டு பிரான்காச்சோப் பக்கம் ஒரு குதிரை லாயத்துக்குப் போனான்.

எனக்கோ எல்லாமே புதினம். குதிரை ஓட்டுவதென்றால் கடிவாளத்தை இழுப்பது என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையாம் — கால்தான் முக்கால்வாசி வேலை செய்யுமாம். ஜெயந்தன் ஸ்கூட்டரில் பழகியவன். குதிரை அசையாவிட்டால், தன்னையறியாமல் வலது மணிக்கட்டை முறுக்குவான்! பழக்கிய சிஞோரா — லாயத்து இத்தாலிய அம்மா — தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் விடாப்பிடியாகப் பழகிவிட்டான்.

கல்யாணம் இங்கே பலெர்மோவிலேயே. அந்த நாளும் வந்தது. மண்டப வாசலில் குதிரை, மேளம், வீடியோ, எல்லாம் தயார். மாப்பிள்ளை அங்கவடியில் ஒரு காலை வைத்தான். மற்றக் காலைத் தூக்கினான்... வேட்டி விடவில்லை. இத்தனை நாளும் ஜீன்ஸில் அல்லவா பழகினான்!

கல்யாணமென்றால் நாங்கள் எதைத்தான் யோசிப்பதில்லை? சாப்பாடு, வீடியோ, எந்த மாமா எதற்குக் கோபிப்பார்... வேட்டியை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

நடந்தே உள்ளே போனான். முகத்தில் ஈயாடவில்லை. மணவறையில் தாரணி மெதுவாக, "குதிரை எங்கை?" என்று கேட்டாளாம். "வெளியிலை நிக்குது" என்றானாம், பாவம்.

அடுத்த ஞாயிறு இருவரும் லாயத்துக்குப் போனார்கள். நானும் போனேன் — வேடிக்கை, விடுப்புப் பார்க்காமல் இருக்க முடியுமா?

ஜெயந்தன் ஏறி ஒரு சுற்றுக் காட்டினான். அவன் இறங்கியதும், "இனி நான் ஏறட்டே?" என்றாள் தாரணி. ஜீன்ஸ் போட்டுத்தான் வந்திருந்தாள். ஏறியும் விட்டாள். கீழே குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

"பயமில்லையோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"போனிலை மட்டும் கதைச்ச ஆளை நம்பி, தனியப் பிளேன் ஏறி வந்தனான் அண்ணை. குதிரைக்கே பயப்பிடப்போறன்?"

ஜெயந்தன் கயிற்றை இன்னும் கவனமாகப் பிடித்துக்கொண்டான்.